நர்ஸம்மா அழுத்தாத பொத்தான்

நர்ஸம்மா நர்ஸ் இல்லை. சர்க்கரை பார்க்கத் தெரியும், படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்கத் தெரியும், அடம்பிடிக்கும் கிழவரை மாத்திரை விழுங்க வைக்கத் தெரியும். ஆனால் எங்கும் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் அல்ல. வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது. முதன்முதலில் போன வீட்டில் ஒரு குழந்தை அப்படிக் கூப்பிட்டது. அந்தப் பெயர் அவளோடு வீடு வீடாகக் குடிபெயர்ந்து வந்துவிட்டது.

அந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. மற்றவர்களுக்கு வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். நர்ஸம்மாவுக்கு ஓர் உயிர் போகும், அதோடு வேலை போகும், அதோடு வீடும் போகும். மூன்றும் ஒரே காலையில் நடக்கும். வீடே அழுதுகொண்டிருக்கும்போது படுக்கை விரிப்பை மாற்றவேண்டும், வருகிறவர்களுக்கு டீ போடவேண்டும், மிச்ச மருந்துகளை எடுத்துக் கட்டி வைக்கவேண்டும். இதற்கு நடுவில், நாளைக்கு எங்கே தலை சாய்ப்பது என்று யோசிக்கவும் வேண்டும். அழலாம் என்றால் அதற்கும் உரிமை கிடையாது. சம்பளத்துக்கு வந்தவள் அழுதால் நடிக்கிறாள் என்பார்கள். அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். அவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பாள். அவ்வளவுதான்.

கல்யாணம் என்று ஒன்று இளமையில் நடந்தது. நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம். உறவென்று இருந்தது ஒரே தம்பி. அவனுக்குக் குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள், அச்சகத்தில் வேலை.

கடைசியாக அவள் இருந்தது ஓர் ஐயா வீட்டில். ஒரு காலத்தில் பஸ் கம்பெனி நடத்தியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 'ஏ' என்ற ஓர் ஓசை மட்டும் மிச்சம். நீட்டிச் சொன்னால் தண்ணீர், குறுக்கிச் சொன்னால் கழிவறை, சொல்லிவிட்டு முறைத்தால் ரேடியோவை நிறுத்து என்று பொருள். பல வருஷம் அந்த ஒற்றை எழுத்தில்தான் இருவரும் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். ஒருநாள் காலையில் அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது 'ஏ' வரவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. போய்ப் பார்த்தாள்.

பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து வந்தார்கள். நல்லவர்கள்தான், நன்றியாகப் பேசினார்கள். வீட்டை விற்க ஏற்பாடு செய்தார்கள். கட்டிலை வாங்க ஆள் வந்தது, பீரோவை வாங்க ஆள் வந்தது, சக்கர நாற்காலியைக்கூட ஒருவர் தொலைவிலிருந்து வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நர்ஸம்மாவைத்தான் யாரும் கேட்கவில்லை.

வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் வழக்கமாக வாரத்துக்குள் அடுத்த வீட்டைக் காட்டிவிடுவார். இந்த முறை இழுத்தார்.

"அக்கா, உங்களை மாதிரி பாத்துக்க ஆள் கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா இப்ப எல்லாரும் நாப்பதுக்குள்ள கேக்கறாங்க. தூக்கணும், பொரட்டணும்னு சொல்றாங்க."

"நான் தூக்காததா? அந்த ஐயா எம்பது கிலோ."

"அதான்க்கா, அவரைத் தூக்கித்தானே உங்க முதுகு போச்சு. ஏதாவது வந்தா மொத போன் உங்களுக்குத்தான்."

அந்த முதல் போன் வரவேயில்லை.

தம்பி வீட்டுக்குப் போனாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவள் மூன்று வாரம் இருந்துவிட்டாள். இரண்டே அறை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஓடும் நடையில் பாயை விரித்துப் படுத்தாள். தம்பி மனைவியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவள் முகம் கோணியதில்லை, தட்டை நங்கென்று வைத்ததில்லை. ஆனால் ஒருநாள் காலை, பெரிய மகள் பரீட்சைக்குப் போகும் அவசரத்தில் அத்தையின் காலை மிதித்துத் தடுமாறி விழுந்தாள். தம்பி மனைவி மகளைத் தூக்கி நிறுத்திவிட்டு அந்த நடையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவுக்கு அந்தப் பார்வை போதும். முகம் பார்த்து நோய் அறிகிறவள் அவள்.

அன்று மாலையே சொல்லிவிட்டாள். "வேலை கெடச்சிருச்சுடா. வயசான அம்மா ஒருத்தங்க. தனியா இருக்காங்க. நாளைக்கே வரச் சொல்றாங்க."

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தான். "அந்த வீட்டு நம்பர் குடுக்கா" என்று கேட்டான். "என் போனுக்கே பண்ணு. அவங்களுக்கு மணி அடிச்சா ஆகாது" என்றாள். முதல் நாள் சொன்ன பொய்க்குத் துணையாக வந்த பொய் அது. பிறகு அது குட்டி போட்டுக்கொண்டே போனது.

அவள் இறங்கிய இடம் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. ஐயாவுக்குத் துணையாக எத்தனையோ நாள் உட்கார்ந்து பழகிய இடம். எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எந்தக் குளியலறைக்குக் காலையில் கூட்டம் இருக்காது, எந்த பெஞ்சுக்கு மேல் மின்விசிறி ஓடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்கும் கூடத்தில் பிளாஸ்கையும் பையையும் வைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கே எல்லாரும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு நடுவில், யாருக்காகவும் காத்திராத ஒருத்தியை எவரால் கண்டுபிடிக்க முடியும்?

"யாருக்கும்மா முடியல?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

"எங்க ஐயாவுக்கு. பக்கவாதம்."

"தேறிடுவாருங்க."

"ஆமா, பாக்கலாம்" என்பாள். போய்ச் சேர்ந்தவர் தேறிவிடுவார் என்று வாரத்துக்கு நாலு பேராவது ஆறுதல் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போன் செய்வான். கூடத்தின் சத்தம் கேட்காமலிருக்க அவள் மரத்தடிக்கு வந்து பேசுவாள். கற்பனையில் பிறந்த அந்தக் கிழவி வாரத்துக்கு வாரம் வளர்ந்தாள். முதலில் முட்டி வலி, பிறகு கண்ணில் புரை, பிறகு ஒரு பூனை.

"பூனையா? உனக்குத்தான் பூனைன்னா ஆகாதே" என்றான் தம்பி.

"என்ன பண்றது. அந்தம்மா நல்லவங்க. வாய்தான் கொஞ்சம் நீளம். நேத்து சூப்புல உப்பு இல்லேன்னு என்னைத் திட்டினாங்க. அப்புறம் அவங்களே கூப்பிட்டுச் சமாதானம் பண்ணினாங்க."

"சாப்பிடறியாக்கா?"

"எனக்கென்னடா."

போனை வைத்தபிறகு அந்தக் கிழவி மீது அவளுக்கே ஒரு பிரியம் வரும். திட்டவாவது ஓர் ஆள் இருந்தாளே.

மழைக்காலம் தொடங்கும்போது ஆஸ்பத்திரி வாசலில், சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், நகராட்சிக்காரர்கள் ஒரு பெட்டியை நட்டார்கள். ஆள் உயர இரும்புப் பெட்டி. நெஞ்சு உயரத்தில் கண்ணாடித் திரை, கீழே போனுக்கு சார்ஜ் ஏற்றும் துளைகள், பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். வீடு வாசல் இல்லாதவர்களுக்கு உதவி செய்யவாம். திரையைத் தொட்டால் படங்கள் வரும்: கட்டில், குழாய், தட்டு, மருந்து. எது வேண்டுமோ அதைத் தொட்டால் பக்கத்தில் எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்குப் போகலாம் என்று சொல்லும். கட்டிலைத் தொட்டால் மட்டும் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: 'இன்று தங்க உங்களுக்கு இடம் இருக்கிறதா?' அதன் கீழே 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். 'இல்லை' என்று தொட்டு, செல்போன் எண்ணைப் போட்டால், ஒரு குறியீட்டு எண் செய்தியாக வரும். அதை விடுதி வாசலில் காட்டினால் கட்டில். எதுவும் புரியாவிட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். உதவி மையத்திலிருந்து ஒரு பெண் பேசுவாள்.

நல்ல யோசனைதான். ஆனால் யாருக்காக நட்டார்களோ அவர்கள் அதன் பக்கம் போக அஞ்சினார்கள். தொட்டால் போலீஸ் வரும் என்றார் ஒருவர். போட்டோ பிடித்து ஊரைவிட்டே வண்டி ஏற்றிவிடுவார்கள் என்றார் இன்னொருவர்.

முதலில் துணிந்தது ஒரு பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து கை நடுங்கும். கை நடுங்குகிறவனுக்குப் பெயின்ட் வேலை யார் கொடுப்பார்கள்? வேலை போய், அறை போய், கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார். அவர் 'இல்லை'யைத் தொட்டால் நடுங்கும் விரல் அதையே மூன்று தடவை தொடும். பெட்டி குழம்பிப்போய் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து நிற்கும். அவரும் விடவில்லை, பெட்டியும் விடவில்லை. கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனாள்.

"தள்ளுங்க, நான் அழுத்தறேன். உங்க நம்பர் சொல்லுங்க."

"போன் இல்லம்மா."

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். தன் எண்ணையே போட்டாள். செய்தி அவள் போனுக்கு வந்தது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிடுவார் என்று பட்டதால் அவர் உள்ளங்கையை இழுத்துப் பிடித்துப் பேனாவால் எழுதினாள். "வேர்வையில அழிஞ்சிடாம பாத்துக்குங்க. கையை மூடாதீங்க."

பெயின்டர் உள்ளங்கையை விரித்தபடியே, ஏதோ ஏந்திக்கொண்டு போகிறவர் மாதிரி நடந்து போனார்.

அதன்பிறகு பெட்டிக்கு ஆள் வரத் தொடங்கியது. நர்ஸம்மா பகல் நேரத்தில் பெஞ்சிலிருந்து கொட்டகைக்கு இடம் மாறினாள். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னாள். போன் இல்லாதவர்களுக்குத் தன் எண்ணைக் கொடுத்தாள். சளியும் காய்ச்சலுமாக வருகிறவரைப் பார்த்தால், கட்டிலுக்கு முன்னால் மருந்துப் படத்தைத் தொட்டாள். ஒரு நாளில் எத்தனை 'இல்லை' தொட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பிறருக்காகத் தொடும்போது விரல் தயங்கியதே இல்லை. பெட்டி குழம்பும்போதெல்லாம் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பேசியதில் உதவி மையத்துப் பெண்ணுக்கும் அவள் குரல் பழகிவிட்டது.

"அக்கா, நீங்க அந்த ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆமாம்மா."

"அதானே பாத்தேன். எல்லா ஊழியர்களும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலை பாதியா கொறையும். சாப்பிட்டீங்களாக்கா?"

"ஆச்சும்மா. நீ?"

"இன்னும் இல்லக்கா. லைன் விடாம வந்துட்டே இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று பொழுது சாயும் வரை நர்ஸம்மாவின் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. 'சாப்பிட்டீங்களா' என்று ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் கட்டில் வாங்கிக் கொடுத்தவள் தனக்கு ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு அது தோன்றவேயில்லை என்று சொன்னால் பொய். ஒரு பிற்பகல், கொட்டகையில் யாரும் இல்லாதபோது, கட்டில் படத்தைத் தொட்டாள். கேள்வி வந்தது. இன்று தங்க உங்களுக்கு இடம் இருக்கிறதா? விரல் கண்ணாடிக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. இத்தனை வருஷம் எத்தனை வீட்டில் இருந்திருக்கிறோம், நாமா வீடில்லாதவள்? அது பெயின்டர் மாதிரி ஆட்களுக்கு. நாம் இடைவேளையில் இருக்கிறோம், அவ்வளவுதான். நேரம் ஆகிவிட்டதால் திரை தானாகவே படங்களுக்குத் திரும்பியது. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கூடத்தின் வாட்ச்மேன் அவளை எப்போதும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் காலை டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவே புதுசு.

"அம்மா, நாளையிலேர்ந்து இங்க தங்கறவங்களுக்குக் கைப்பட்டை குடுக்கப் போறாங்க. பேஷன்ட் பேரு, வார்டு எல்லாம் அதுல இருக்கும். பட்டை இல்லாதவங்களை உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர்."

"நல்லதுதானே. திருட்டு கொறையும்."

"உங்க ஐயா எந்த வார்டும்மா?"

அவள் வாயிலிருந்து இத்தனை நாள் சரளமாக வந்த பொய்களில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை. வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்மா. நான் கேட்டிருக்க மாட்டேன். இப்ப என் கையில இல்ல."

"தெரியுமா?"

"சீக்காளிக்காக ஒக்காந்திருக்கறவங்க டாக்டர் வந்தா எந்திரிப்பாங்க. நீங்க ஒருநாளும் எந்திரிச்சதில்ல."

அவள் தலையை ஆட்டினாள். டீ குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி அவர் கையில் கொடுத்தாள். பிளாஸ்க், பை, கம்பளி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தம்பி வீட்டுக்குப் போகலாமா என்று நினைத்தபோது அந்த நடைதான் கண்முன் வந்தது. பிற்பகல் வரை அங்கேயே நின்றாள். அன்று யாருக்கும் அழுத்திக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் "கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் திரையைத் தொட்டாள். கட்டில். கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் வேறு எதிலாவது பட்டுவிடும் என்பதால் கண்ணைத் திறந்துகொண்டே 'இல்லை'யைத் தொட்டாள். எண்ணைப் போட்டாள்.

திரை சிவப்பாக மாறியது. 'இந்த எண்ணிலிருந்து அளவுக்கு அதிகமான கோரிக்கைகள் வந்துள்ளன. முறைகேட்டைத் தவிர்க்க இந்த எண் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுத்த கட்டில்கள் அத்தனையும் அவள் கணக்கில் ஏறியிருந்தன. பெட்டியைப் பொறுத்தவரை அவள் விதவிதமான கட்டில்களில் படுத்துப் புரண்டுகொண்டிருப்பவள். சிரிப்பு வந்தது. சிரித்தபடியே சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம், உதவி மையம்."

"நான்தாம்மா."

"அக்கா! சொல்லுங்க, இன்னிக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"ஒருத்தங்களுக்கு எடம் வேணும். பெட்டி நம்பரை ஏத்துக்க மாட்டேங்குது."

"நான் பாத்துக்கறேன். ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"நடக்க முடியுமா அவங்களால?"

"நல்லா நடப்பாங்க. முதுகு வலி மட்டும் இருக்கு. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்ல."

"சொந்தக்காரங்க யாராவது?"

"ஒரு தம்பி இருக்கான். அவனுக்குத் தெரியாது. தெரிய வேணாம்."

"சரிக்கா. அவங்ககிட்ட குடுங்க, பேரு கேட்டுப் பதிஞ்சுக்கறேன்."

நர்ஸம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்துட்டேன்மா. நான்தான் அவங்க."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அக்கா... ஆஸ்பத்திரியில வேலைன்னு..."

"பொய் சொன்னேன்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல? இத்தனை நாளா தெனமும் பேசிட்டுதானே இருக்கோம்?"

"நீ என்னை வேலை பாக்கறவள்னு நெனச்ச. சாப்பிட்டீங்களான்னு கேட்ட. அதைக் கெடுத்துக்க மனசு வரல."

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் அதிகமான கறார்க் குரலில் பேசினாள். பழைய நூல் மில்லுக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி, மேல் கட்டில் ஒன்று காலி, முதுகு வலிக்காரிக்கு மேல் கட்டில் ஆகாது என்று அவளே பேசிக் கீழ்க் கட்டிலாக மாற்றித் தருவாள், எந்த பஸ், எங்கே இறங்கவேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நிறுத்தி வைத்த எண்ணுக்குச் செய்தி வராது என்பதால் குறியீட்டை வாயால் சொன்னாள். நர்ஸம்மா பேனாவைப் பல்லால் திறந்து தன் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள்.

திரும்பினால் பின்னால் பெயின்டர் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். ஆனால் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பி, போகிற வண்டிகளை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு அழுத்தட்டுமா?" என்று கேட்டாள். "மொதல்ல நீங்க பஸ்ஸைப் புடிங்கம்மா" என்றார். பையை வாங்கி நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு வந்தார். பை அவர் கையில் நடுங்கிக்கொண்டே வந்தது.

விடுதி ஒரு நீளக் கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கதை படுத்திருந்தது. எதுவும் இன்னொன்றிடம் பேசவில்லை. பையைத் தலைக்கு வைத்துக்கொள்வார்கள், செருப்பைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். காலையில் எல்லாரும் வெளியேறவேண்டும். மாலையில் கதவு திறக்கும். ஆஸ்பத்திரிக் கூடத்தில் அவளைச் சுற்றி எப்போதும் ஒரு பேச்சு இருந்தது, பொய்யாகவாவது அவளும் அதில் ஒருத்தியாக இருந்தாள். இங்கே பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையைக் கேட்கவும் ஆள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். "அந்தம்மா எப்படிக்கா இருக்காங்க?" என்றான்.

"போயிட்டாங்கடா."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. இனி அந்தக் கிழவியைத் தூக்கிச் சுமக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

"அய்யய்யோ. எப்ப? நல்லவங்கன்னு சொன்னியே..." தம்பியின் குரல் உண்மையாகவே உடைந்தது. "கஷ்டப்பட்டாங்களா?"

"இல்ல. தூக்கத்துலயே."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரை அனுப்பிவைத்து, அழாமல் டீ போட்டுக் கொடுத்தவள், பிறக்காத ஒரு கிழவிக்காக மில் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தம்பி போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இங்க வந்துடுக்கா" என்றான் கடைசியில். சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதுவும் அவள் காதில் விழுந்தது.

"வேற எடம் பாத்துக் குடுத்துட்டாங்கடா. பெரிய எடம். நெறைய பேர் இருக்காங்க."

அதன்பிறகு நடந்தவை மெதுவாகவே நடந்தன. உதவி மையத்துப் பெண் மேலிடத்தில் எழுதிப்போட்டு, போராடி, அவள் எண்ணை விடுவித்தாள். சில மாதம் கழித்துப் பெட்டியில் 'எனக்காக', 'இன்னொருவருக்காக' என்று தனித்தனிப் பொத்தான்கள் வந்தன. வயதான தனிப் பெண்களுக்கு நகராட்சி கொடுக்கும் ஒற்றை அறைகளுக்கான வரிசையில் நர்ஸம்மாவைச் சேர்த்ததும் அந்தப் பெண்தான். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை ஒன்றும் விடுதி வழியாகக் கிடைத்தது: முதியோரைப் பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில்.

அறை ஒதுக்கிய அன்று நன்றி சொல்லலாம் என்று ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வேறு குரல் வந்தது.

"அவங்க வேற வேலைக்குப் போயிட்டாங்களே. நான் உதவி பண்ணலாமா?"

"இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இனித் தெருவில் எதிரே வந்தாலும் இருவருக்கும் தெரியப்போவதில்லை.

அறை மூன்றாம் மாடியில். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு மேடை, ஒரு கட்டில். ஐம்பத்தெட்டு வயது தாண்டி முதல்முறையாக அவள் இடுப்பில் ஒரு சாவி ஏறியது. எத்தனையோ சமையலறைகளை ஆண்டவளுக்கு ஒருத்திக்கு மட்டும் சமைக்க அளவு பிடிபடவில்லை, எப்போதும் மிஞ்சியது. கதவைச் சாத்தித் தூங்கவும் வரவில்லை. நோயாளி கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று வாழ்நாள் முழுதும் கதவை ஒருக்களித்து வைத்துப் படுத்தவள். பக்கத்து அறைக்காரி, "திருடன் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று பயமுறுத்தியபிறகுதான் சாத்தினாள். சாத்தினால் அறைக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அது அவளுக்குப் பழக்கமில்லாத சத்தம்.

ஒரு ஞாயிறு, மழை பெய்துகொண்டிருக்கும்போது, தம்பியை வரச் சொன்னாள். அவன் குடையை மடக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்து நாலாபுறமும் பார்த்தான்.

"வீட்டுக்காரங்க எங்கக்கா?"

"நான்தான்டா வீட்டுக்காரி."

உட்கார வைத்து, டீ கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். கூடம், பெட்டி, விடுதி, எதையும் மறைக்கவில்லை. அவன் டீயை வாயில் வைக்காமலே கேட்டான்.

"அப்ப அந்த அம்மா?"

"அப்படி யாரும் இல்லடா."

"பூனை?"

"அதுவும் இல்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "எங்க வீட்டு நடையில எடம் இருந்துச்சேக்கா" என்றான். "படுக்க எடம் இருந்துச்சுடா, நடக்கத்தான் இல்ல. அதான் கால் மிதிபட்டுச்சு" என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லாத. பாவம், மனசு கஷ்டப்படுவா."

போகும்போது மழை விட்டிருந்தது. அவன் காலடிச் சத்தம் மூன்று மாடியும் இறங்கி, தெருவில் கரையும்வரை அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தால் அவன் குடை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவன் இருப்பான். ஜன்னல் அருகே போனவள், கூப்பிடாமல், சொட்டும் இடத்தில் ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தாள். எப்படியும் குடையை எடுக்க அவன் வரத்தானே வேண்டும்.